கைக்குழந்தையோடு ஊழிய அழைப்பு: காத்திருப்பது ஆண்டவருடைய வேளையா, என் பயமா?

கல்லடி அம்மா
திங்கள், இரவு 10.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சின்னவன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். அவன் எழும்புவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. நடுவிலாளுக்கு ஆறு. கடைசி மகனுக்குப் பதினொரு மாதம். கணவருக்கு அரசாங்க வேலை, இரண்டு வருடமாகப் பொலன்னறுவையில். வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் கிளம்பிவிடுவார்.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பைப் பற்றி மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். நாங்கள் வேறு சபை. அப்போது நடுவிலாள் என் வயிற்றில். அந்தக் கிழமை அயல்வீட்டு அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் காயத்தோடு வாட்டில் இருந்தார், அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். வாட்டு வாசலில் ஒரு வாங்கு. அதில் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். கால் வலித்ததால்தான் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மணி என்ன கா?" என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிடம் போயிருக்காது, திரும்பவும் அதே கேள்வி. அவர் கையிலேயே மணிக்கூடு கட்டியிருந்தது. ஒன்றரை மணித்தியாலம் அவர் கேட்கக் கேட்க நான் நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு ஒன்றும் பேசவில்லை. சத்தமாக ஒரு ஜெபம்கூடச் செய்யவில்லை. நான் எழும்பியபோது என் கையைப் பிடித்து, "நாளைக்கும் வருவீங்களா?" என்றார்.

அடுத்த நாள் நான் போகவில்லை. மூத்தவளுக்குக் காய்ச்சல். அந்தப் பெண்ணைப் பிறகு நான் காணவே இல்லை.

என் அழைப்பு அங்கேதான் தொடங்கியது. செத்தவீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் இப்படி இருப்பவர்களோடு கூட இருப்பதுதான் என் ஊழியம் என்று அன்றிலிருந்து மனதில் ஒரு பாரம். அதை ஒழுங்காகப் படித்துச் செய்ய வேண்டும் என்று பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியைப் பற்றி விசாரித்தேன். 1963 தொடக்கம் மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்திஸ்து சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற இடம், தமிழிலும் படிக்கலாம். ஆனால் சபை பரிந்துரைக்க வேண்டும், வீட்டை விட்டுப் போய்த் தங்க வேண்டும். 2020இல் கொரோனா வந்தது. 2022இல் எரிவாயு வரிசையும் மின்வெட்டும். அதுவும் கழிந்து மூச்சு விட்ட நேரத்தில் கடைசி மகன் தரித்தான். அவனை நான் குறையாகச் சொல்லவில்லை, அவன் எங்களுக்குக் கிடைத்த கொடை.

எங்கள் போதகர், "பிள்ளைகள் வளரட்டும் மகள், கர்த்தருடைய வேளை வரும்" என்கிறார். மாமியும் அதையேதான் சொல்கிறார். நானும் ஆறு வருடமாகத் தலையாட்டுகிறேன். ஆனால் இப்போது ஒரு கேள்வி என்னைத் தூங்க விடுவதில்லை. இந்தக் காத்திருப்பு ஆண்டவர் சொன்னதா, மற்றவர்களுக்கு வசதியானதா, அல்லது என் பயத்துக்கு நான் வைத்த பெயரா? எப்படிக் கண்டுபிடிப்பது?


படுவான்கரை போதகர் மனைவி
திங்கள், இரவு 11.15

ஆபகூக் 2:3 வாசியுங்கள் தங்கச்சி. தரிசனம் தாமதித்தாலும் அதற்குக் காத்திரு என்றுதான் இருக்கிறது. ஜெபிக்கிறேன்.


பாண்டிருப்பு தங்கச்சி
செவ்வாய், காலை 6.05

அக்கா, நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள்மேல் இல்லை.

என் அண்ணனுக்கு ஊழிய அழைப்பு வந்தபோது இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு ஆறு மாதம். "பிள்ளைகள் வளரட்டும் மகன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. சபையில் வழியனுப்புக் கூட்டம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், கவரில் காசு கொடுத்தார்கள். மூன்று வருடம் மச்சாள் இரண்டு பிள்ளைகளோடும் தனியாக நின்றார். கிணற்று மோட்டர் பழுதாகி வாளியில் தண்ணீர் இழுத்த நாட்களை நான் கண்ணால் பார்த்தேன். அதை எல்லாரும் "விசுவாசத்தின் பாதை" என்று சாட்சி சொன்னார்கள்.

அதே சபையில் நான் ஒரு வருட உளவளத்துணைப் படிப்புக்குச் சனிக்கிழமை மட்டும் போக வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைக்கு என்ன சாப்பாடு, யார் பார்ப்பது, கணவர் சம்மதித்தாரா, மாமி என்ன சொல்கிறார், ஏன் அவசரம். இதற்கெல்லாம் பதில் சொல்லி முடிக்க விண்ணப்ப நாள் முடிந்துவிட்டது.

ஆண்டவருடைய வேளை என்பது உண்மை. நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்த வேளையைப் பற்றி ஆணுக்கு ஒரு மணிக்கூடும் பெண்ணுக்கு ஒரு மணிக்கூடும் ஆண்டவர் வைத்திருக்கிறார் என்பதை நான் நம்பமாட்டேன்.


தாண்டவன்வெளி
செவ்வாய், காலை 9.30

நான் கத்தோலிக்கத் தாய். உங்கள் சபை வேறு என்றாலும் கேள்வி ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

உரோமை நகரப் புனித பிரான்சிஸ்கா துறவியாகவே ஆசைப்பட்டவர். சின்ன வயதிலேயே கலியாணம் செய்து வைத்துவிட்டார்கள். நாற்பது வருடம் குடும்பம் நடத்தினார். பிள்ளைகளைப் பெற்றார், கொள்ளைநோயில் பறிகொடுத்தார், தன் வீட்டையே நோயாளிகளுக்குத் திறந்து வைத்தார். ஒருநாள் ஜெபப் புத்தகத்தோடு இருந்தபோது ஒரே வசனத்தில் நான்கு தரம் வீட்டு வேலைக்காகக் கூப்பிட்டார்களாம். நான்கு தரமும் முகம் சுளிக்காமல் எழும்பிப் போனார். ஐந்தாம் தரம் வந்து பார்த்தால் அந்த வசனம் பொன்னெழுத்தில் எழுதியிருந்ததாம். அவருடைய வரலாற்றில் இப்படிச் சொல்வார்கள். தானே தொடங்கிய சபைக்குள் அவர் போய்ச் சேர்ந்தது 1436இல், கணவர் இறந்த பிறகு. நான்கு வருடத்தில் அவரும் இறந்தார்.

எனக்கு அந்தப் பொன்னெழுத்துக் கதை பெரிய ஆறுதல். பிள்ளை அழுது ஜெபமாலையைப் பாதியில் விட்டு எழும்பும்போதெல்லாம் நினைப்பேன். ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு நடந்து போகும் கூட்டத்தில் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரைக் கண்டிருப்பீர்கள். நாலு இடத்தில் நின்று பால் கொடுத்துவிட்டு வருவார்கள். எல்லாருக்கும் பிந்தித்தான் வந்து சேருவார்கள். மாதா அவர்களுக்கு முகம் திருப்புவதில்லை.


கல்லடி அம்மா
செவ்வாய், பிற்பகல் 2.10

தாண்டவன்வெளி அக்கா, அன்போடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நடந்து போகும் தாய்மாரைப் பற்றி வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கணவர் செத்த பிறகு வழி திறந்த கதை எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி ஒரு வாசல் எனக்கு வேண்டாம். அவர் இருக்கும்போதே, பிள்ளைகள் வீட்டில் ஓடித் திரியும்போதே அழைப்புக்குக் கீழ்ப்படிய ஏலுமா என்பதுதான் என் கேள்வி.

பாண்டிருப்புத் தங்கச்சி, உங்கள் பதிவை நேற்று இரவு நான் எழுதியிருக்க வேண்டும். எழுதப் பயந்தேன்.


தாண்டவன்வெளி
செவ்வாய், பிற்பகல் 2.25

கோபமில்லை தங்கச்சி. நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தக் கதையை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சரிதான்.


கல்முனை அன்ரி
செவ்வாய், இரவு 8.00

மகள், எனக்கு அறுபத்தேழு வயது. மெதடிஸ்த சபை, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஃபோனில் எழுதுவது மெதுவாகத்தான் வரும், காலையிலிருந்து சேர்த்து எழுதியது இது.

எனக்கு அழைப்பு வந்தபோது வயது இருபத்தெட்டு, 1986. பிரசங்கம் பண்ண வேண்டும் என்ற பாரம். இரண்டு பிள்ளைகள், ஒன்று மடியில். அப்போது எங்கள் பக்கத்தில் பெண் பிரசங்கபீடத்தில் ஏறுவதைப் பேச்சுக்குக்கூட எடுக்கமாட்டார்கள். நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு ஞாயிறும் வேதப்பகுதி வாசித்தவுடன் வீட்டுக்கு வந்து, இந்தப் பகுதியை நான் என்றால் எப்படிப் பேசுவேன் என்று எழுதத் தொடங்கினேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதினேன். குசினியில் வைத்துத்தான் எழுதுவேன். பக்கத்துக்குப் பக்கம் தேங்காய்ப்பால் கறை இருக்கும்.

1990 ஆனியில் சண்டை தொடங்கியது. பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு அகதி முகாமுக்குப் போனோம். பையில் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அந்தக் கொப்பி. "இதை எதற்குச் சுமக்கிறாய்?" என்று என் கணவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்காமல் பையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

இனிமேல் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். 1990 தொடக்கம் 1995 வரை காத்திருந்தது நியாயமான காத்திருப்பு. உயிரோடு இருப்பதே வேலையாக இருந்த காலம். ஆனால் 1995க்குப் பிறகு 2004 வரை? மூத்தவன் சாதாரண தரம் முடித்துவிட்டான். சின்னவள் தன் தலையைத் தானே பின்னிக்கொள்வாள். ஒன்பது வருடம் நான் "நாட்டு நிலைமை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பயம் மகள். பிரசங்கபீடத்தில் ஏறினால் சனம் சிரிக்கும் என்ற பயம். அதற்கு ஆண்டவருடைய வேளை என்று பெயர் வைத்தேன். அந்த ஒன்பது வருடத்துக்கு இன்றும் மனம் வருந்துகிறேன். ஆண்டவர் மன்னித்தார் என்று தெரியும், ஆனாலும் வருத்தம் வருத்தம்தான்.

சுனாமி வந்தது. எங்கள் கடற்கரைப் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். முகாமில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். கை தூக்கினேன். கதை சொன்னதைக் கேட்ட போதகர் ஒருவர் என்னை உள்ளூர்ப் பிரசங்கிக்கான பயிற்சிக்குக் கூப்பிட்டார். 2007இல், நாற்பத்தொன்பது வயதில், முதல் பிரசங்கம். மேடைக்கு நான் கொண்டுபோனது 1988இல் எழுதிய பக்கத்தை. கறை அப்படியே இருந்தது.

மெதடிஸ்த சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய் சூசன்னாவையும் சொல்ல வேண்டும். பத்தொன்பது பிள்ளை பெற்றவர், பத்துப் பேர்வரைதான் தப்பினார்கள். 1711, 1712 குளிர்காலத்தில் கணவர் லண்டனில் இருந்தார். உங்கள் வீட்டைப்போலத்தான். ஞாயிறு பின்னேரம் தன் பிள்ளைகளுக்காக வீட்டில் வேதம் வாசித்து, ஒரு பிரசங்கத்தையும் எடுத்து வாசித்தார். வேலைக்காரர் வந்தார்கள், அவர்களுடைய வீட்டார் வந்தார்கள், கடைசியில் இருநூறு பேர் வரைக்கும் வந்து நின்றார்கள். உதவிக் குரு கணவருக்கு முறைப்பாடு எழுதினார். கணவர் நிறுத்தச் சொல்லி எழுதியபோது, நிறுத்த வேண்டுமென்றால் ஆசைப்படுகிறேன் என்று எழுதாமல் கட்டளையாகவே எழுதுங்கள், இந்த ஆத்துமாக்களுக்கான பொறுப்பு என்மேல் வராதபடி, என்ற கருத்தில் பதில் போட்டார். ஜோனுக்கு அப்போது எட்டு வயது, சார்ல்ஸுக்கு நாலு. பிள்ளைகளை விட்டுவிட்டு அவர் ஊழியம் தேடிப் போகவில்லை. பிள்ளைகளுக்குச் செய்ததையே கதவைத் திறந்துவைத்துச் செய்தார்.

கடைசியாக, வேதாகமத்தில் வரும் அன்னாள். எல்லாரும் அன்னாளின் ஜெபத்தைப் பேசுவார்கள். நான் அவள் போகாமல் நின்றதைப் பேசுவேன். சாமுவேல் பிறந்த பிறகு அவள் கணவன் எல்க்கானா வருடாந்தப் பலிக்குப் போகிறான், அன்னாள் போகவில்லை. பிள்ளை பால்மறந்தபின்பு கொண்டுபோவேன் என்று சொல்கிறாள். பாருங்கள் மகள், அவள் காத்திருந்தாள், ஆனால் எதுவரைக்கும் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எல்க்கானாவும் அதை ஒத்துக்கொண்டான்.

உங்கள் போதகரும் மாமியும் காத்திருக்கச் சொல்கிறார்கள். எதுவரைக்கும் என்று யாராவது சொன்னார்களா? நீங்கள் கேட்டீர்களா?


பாண்டிருப்பு தங்கச்சி
செவ்வாய், இரவு 8.20

அன்ரி, நான் இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.


வாழைச்சேனை அண்ணன்
செவ்வாய், இரவு 9.45

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன்.

என் மனைவி ஆசிரியை. போன மூன்று வருடத்தில் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் உளவளத்துணை டிப்ளோமா முடித்தார். இப்போது பாடசாலை முடிந்து கிழமையில் இரண்டு நாள் போரில் கணவரை இழந்த பெண்களோடு வேலை செய்கிறார். இது அவருக்கு வந்த அழைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அது என்ன விலைக்கு நடந்தது என்பதையும் எழுதவேண்டும். இந்தத் தங்கச்சி எல்லாம் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். முதல் மாதம் நான் "உதவி செய்கிறேன்" என்றேன். உதவி என்றால் அவர் சொல்லுவார், நான் செய்வேன். அவர் வகுப்பில் இருந்து ஃபோன் எடுத்து, "அரிசி ஊறப்போட்டாச்சா, சின்னவளுக்கு மருந்து கொடுத்தாச்சா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். படிக்க எங்கே மனம் வரும்? மூன்றாம் மாதம் அழுதுகொண்டு வந்து, விடப்போகிறேன் என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். சனி, ஞாயிறு வீடு என்னுடையது. அவர் கேட்கக் கூடாது, நான் கேட்கக் கூடாது. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தலை பின்ன அன்றைக்குத்தான் படித்தேன். முதல் நாள் பின்னல் கோவில் வாசலுக்குப் போகமுதலே அவிழ்ந்துவிட்டது, மூத்தவள் அழுதாள். இரண்டாம் கிழமை நின்றது.

மூத்தவள் அந்த வருடம் புலமைப்பரிசில் எடுத்தாள். வெட்டுப்புள்ளி வரவில்லை. சொந்தக்காரர் எல்லாரும் தாயைத்தான் சொன்னார்கள். ஞாயிறு முழுக்கப் பிள்ளையோடு இருந்த என்னை ஒருவரும் சொல்லவில்லை. மனைவி இன்றும் அந்த நாளைப் பேசமாட்டார். இவ்வளவும் நடந்தது. இருந்தும் திரும்பக் கேட்டால் நாங்கள் இருவரும் அதே முடிவைத்தான் எடுப்போம்.

தங்கச்சி, உங்கள் கணவர் இதற்கு என்ன சொல்கிறார்? உங்கள் பதிவில் போதகர் இருக்கிறார், மாமி இருக்கிறார். அவர் சொன்னது இல்லை.


புளியந்தீவு
புதன், காலை 7.20

ஒரு சின்ன விஷயம். காலம் என்று பேசும்போது எனக்கு எப்போதும் வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஞாபகம் வருவார். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி. வரும் வழியில் கப்பலிலேயே மனைவியை இழந்தவர். இங்கே இருந்தது ஏறக்குறைய எட்டு மாதம். 1815இல் இங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய பள்ளிக்கூட வேலை இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது, மெதடிஸ்த மத்திய கல்லூரியில் படித்த எங்களுக்கு அது தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்காது. சரியான நேரத்தில் போனால் எல்லாம் நன்றாக அமையும் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு ஒன்றும் நன்றாக அமையவில்லை.


படுவான்கரை போதகர் மனைவி
புதன், இரவு 9.10

தங்கச்சி, முதல் நாள் ஒரு வசனத்தைப் போட்டுவிட்டுப் போனேன். அதற்கு மன்னியுங்கள். அடுத்தடுத்த பதிவுகளை வாசித்துவிட்டு, என் உண்மையைச் சொல்லாமல் வசனத்தை மட்டும் எடுத்து நீட்டியது பிழை என்று பட்டது.

எனக்கு நடந்தது இதற்கு மறுபக்கம். கலியாணம் செய்து நாங்கள் படுவான்கரைக்கு வந்தபோது சபையில் இருபது குடும்பம். மூத்த மகன் பிறந்து நாற்பதாம் நாள் வீட்டுக்கூட்டம் எடுத்தேன். "அம்மா வந்தால்தான் பெண்கள் வருவார்கள்" என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள் சைக்கிளில், பிள்ளையை முன்னால் கூடையில் வைத்து. மூன்றாம் மாதம் பால் குறைந்தது. ஐந்தாம் மாதம் பிள்ளை நிறை ஏறவில்லை என்று கிளினிக்கில் நேர்ஸ் அட்டையைக் காட்டினார். அந்த அட்டையில் கோடு மேலே போகவேண்டிய இடத்தில் படுத்துக் கிடந்தது. அந்தக் கோட்டை இப்போதும் கண்ணை மூடினால் காண்பேன்.

அப்போதும் எல்லாரும் இதுதான் கர்த்தருடைய வேளை, வாசல் திறந்திருக்கிறது, பயன்படுத்துங்கள் என்றுதான் சொன்னார்கள். என்னை அவசரப்படுத்தியவர்களும் ஆண்டவரின் பெயரால்தான் அவசரப்படுத்தினார்கள். அதனால்தான் "காத்திரு" என்ற வார்த்தை எனக்கு இனிப்பாக இருக்கிறது. எனக்கு அதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் காலில் விழுந்திருப்பேன். உங்களுக்கு அதே வார்த்தை சங்கிலியாக இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன், எல்லாருக்கும் பொருந்துமோ தெரியாது. பிள்ளை தேறும்வரை ஏழு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆனால் பக்கத்து வளவுக் கிழவி ஒருவர், கண் தெரியாதவர், அவருக்குப் பின்னேரம் ஒரு அதிகாரம் வாசிப்பேன். பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும். அது ஒன்றுதான். அந்த ஏழு மாதத்தில் எனக்கு ஊழியம் இல்லாமல் போய்விட்டது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. உங்களுடைய ஆறு வருடத்தில் அப்படி ஏதாவது கையில் இருக்கிறதா? இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாமல் வெறும் கையோடு நிற்கவைத்தார்கள் என்றால், அந்தக் காத்திருப்பைப் பற்றி ஆண்டவரிடம் இன்னொரு தரம் கேளுங்கள்.


கல்லடி அம்மா
புதன், இரவு 11.50

வெறும் கை.

வாழைச்சேனை அண்ணன் கேட்டதற்குப் பதில்: கணவர் என்ன சொல்கிறார் என்று நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. அவர் களைத்து வருவார். இரண்டு நாளில் இதை எப்படிப் பேசுவது என்று விட்டுவிடுவேன். இந்த வெள்ளிக்கிழமை கேட்கிறேன். எல்லாரும் ஜெபியுங்கள்.


கல்லடி அம்மா
மூன்று கிழமைக்குப் பிறகு, வெள்ளி, பிற்பகல் 3.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். சின்னவனுக்குப் பல் வருகிறது, மூன்று நாளாக இரவு பகல் தெரியவில்லை.

கணவரிடம் பேசினேன். நான் நினைத்தது ஒன்று, அவர் சொன்னது வேறு. "நீ வேண்டாம் என்று விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன்" என்றார். விண்ணப்பப் படிவம் என் வேதாகம உறைக்குள் ஆறு வருடமாக இருப்பது அவருக்குத் தெரியாது. எடுத்துக் காட்டினேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அவர் அதை மேசையில் விரித்து நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுகா, இடமாற்றத்துக்கு எழுதிப்போடுகிறேன் என்றார். கிடைக்குமோ தெரியாது.

பிறகு இருவருமாகப் போதகரிடம் போனோம். அன்ரி சொன்னபடி கேட்டேன்: "ஐயா, எதுவரைக்கும் காத்திருக்க வேண்டும்?" அவர் நல்ல மனிதர், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை மகள்" என்றார். மனம் நொந்ததா, இறங்கினதா என்று அவர் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு நாள் குறித்தோம். மூத்தவளின் பரீட்சை முடிந்து, சின்னவனுக்கு இரண்டு வயது நிரம்பிய பிறகு அவர் சபைக் கமிட்டிக்கு என் பெயரைக் கொண்டுபோவார். கமிட்டி ஒத்துக்கொள்ளுமா, கல்லூரி எடுக்குமா, பிள்ளைகளோடு அங்கே எப்படி, ஒன்றுக்கும் பதில் இல்லை. மாமி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று மட்டும் நான் கேட்காமலே சின்னவனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். அதை என்னவென்று எடுப்பது என்று தெரியவில்லை.

அப்புறம், வெறும் கை விஷயம். இங்கே கல்லடியில் திருச்செந்தூர்ப் பக்கம் சுனாமியில் மூன்று பேரை இழந்த ஒரு அம்மா தனியாக இருக்கிறார். போன வியாழக்கிழமை அவரிடம் போனேன். சின்னவனையும் தூக்கிக்கொண்டு போனேன், வேறு வழியில்லை. முதல் அரை மணித்தியாலம் அவன் ஓயாமல் இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். நான் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வேர்த்துப்போனேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அவன் காலைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக இந்த வீட்டில் குழந்தை அழுத சத்தம் இல்லை என்றார். கிளம்பும்போது, "வாற வியாழனும் வருவியா?" என்று கேட்டார்.

வருவேன் என்றேன். ஆனால் நேற்று, வியாழன், சின்னவனுக்குப் பல் காய்ச்சல். எனக்கு அந்த வாட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சலோடு அவனைத் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை, போகாமல் இருக்கவும் ஏலவில்லை. அழுதேன். மாமி கடற்கரைக்குக் கூட்டிப்போனது அந்த நேரத்தில்தான். ஓடிப்போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தேன். அந்த அம்மா தேத்தண்ணீர் ஊற்றி, இரண்டு கோப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தார். குழந்தை எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.


கல்முனை அன்ரி
வெள்ளி, மாலை 5.15

மகள், ஒவ்வொரு கிழமையும் மாமியை எதிர்பார்க்க ஏலாது. வாற வியாழன் நான் பஸ்ஸில் வருகிறேன். பிள்ளை சுகமாக இருந்தால் நீங்கள் கொண்டுபோங்கள், நான் பெரியவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சுகமில்லை என்றால் நான் வைத்திருக்கிறேன். முப்பது வருடம் நாலாம், ஐந்தாம் வகுப்புத்தான் படிப்பித்தேன். எத்தனை மணிக்கு வரட்டும்?


கல்லடி அம்மா
வெள்ளி, மாலை 5.40

ஒன்றரைக்கு வாருங்கள் அன்ரி. கல்லடிப் பாலத்துக்கு முதலே இறங்கிவிடுங்கள், பெரியவளை அனுப்பி வைக்கிறேன். மத்தியானம் இங்கே சாப்பிடலாம், மீன் சொதி வைக்கிறேன்.


பாண்டிருப்பு தங்கச்சி
வெள்ளி, மாலை 5.55

அன்ரி, எந்த பஸ்ஸில் போகிறீர்கள்? பாண்டிருப்புச் சந்தியில் நானும் ஏறுகிறேன்.